வாணியம்பாடியிலிருந்து வாயலூர் வரை

பொறியியல் வேலைகளையும் அணுசக்தித் துறை வேலைகளையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களைத் தயார்படுத்தும் பயிற்சி பெரும்பாலும் நான்கு சுவருக்குள்ளேயே நடந்து முடிகிறது. வட்டார வள மையத்திலோ மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ கருத்தாளர் திரையில் படங்களைக் காட்டி விளக்குவார். கட்டகம் கைக்கு வரும். மாலையில் ஆசிரியர்கள் ஊர் திரும்புவார்கள். வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்து ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை ஒன்று வெளியே நீண்டு கிடக்கிறது. வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியே கிழக்கே இறங்கி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு தாண்டிக் கல்பாக்கத்தில் முடியும் சாலைதான் அது. கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். நடுவழியில் அதன் கரைகளில் தோல் தொழிற்சாலைகள். அது கடலைத் தொடும் வாயலூருக்குப் பக்கத்திலேயே அணு உலைகள். ஒரே ஆறு இரண்டையும் கோத்திருப்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலே பாடம் பாதி புரிந்துவிடும்.

அரசுப் பள்ளிகளில் வேலை வழிகாட்டலை ஆசிரியரின் பொறுப்பாக்கியது 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம். 9ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உயர்கல்வி வழிகாட்டல் அதன் ஓர் அங்கம். அதற்காக ஆசிரியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்காக அதே ஆண்டு 'கல்லூரிக் கனவு' வந்தது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் சட்டமானது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல, அதைப் பார்த்த ஒருவர் வேண்டும்.

அங்கேதான் குறை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஆறாம் பாடம் 'அணுக்கரு இயற்பியல்'. பிளவு, இணைவு, தணிப்பான், கட்டுப்படுத்தும் கழி, குளிர்விப்பான் எல்லாம் அதில் உண்டு. உலையின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் அழகாக வரைந்து காட்டும் ஆசிரியர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். உலை இருக்கும் ஊர் வேலூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான் என்றாலும், அங்கே யார் வேலை செய்கிறார்கள், என்ன படித்துவிட்டு உள்ளே போனார்கள் என்று மாணவர் கேட்டால் பதில் சொல்வதற்குப் புத்தகம் போதாது. வகுப்பில் பொறியியல் என்ற சொல் கல்லூரியையே குறிக்கிறது, வேலையைக் குறிப்பதில்லை.

பயணம் வாணியம்பாடியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் வரும் முதல் பெரிய ஊர் இது. ஆவாரம் பட்டை ஊறிய தொட்டிகளில் தோல் பதனிட்ட பழைய முறையும், பின்னால் வந்த குரோம் முறையும் இந்த ஊருக்கு அத்துப்படி. உப்பிட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்து உப்பை இறக்குகிறார்கள். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்து முடியை எடுக்கிறார்கள். சுண்ணாம்பைப் போக்கி, நொதிகளால் மென்மையாக்கி, அமிலமும் உப்பும் கலந்த நீரில் பக்குவப்படுத்தி, கடைசியில் குரோமியம் சல்பேட் போட்டு மர டிரம்மில் மணிக்கணக்கில் சுழற்றினால் ஈரமான நீலத் தோல் வெளியே வருகிறது. 'வெட் ப்ளூ' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

குரோமியம் போடுவதற்கு முன் நடக்கும் ஒரு சோதனையை ஆசிரியர்கள் அவசியம் அருகில் நின்று பார்க்க வேண்டும். டிரம்மை நிறுத்தி, ஒரு தோலை இழுத்து, தடித்த இடத்தில் கத்தியால் சிறு துண்டு வெட்டுகிறார் தொழிலாளி. வெட்டிய விளிம்பில் புரோமோகிரெசால் பச்சைக் கரைசலை ஒரு துளி விடுகிறார். விளிம்பு முழுக்க மஞ்சளானால் அமிலம் நடுவரை இறங்கிவிட்டது. நடுவில் பச்சைக் கோடோ நீலக் கோடோ தெரிந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும். பதனிட்ட பிறகு இன்னொரு சோதனை: ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறார்கள், சுருங்கவில்லை என்றால் குரோமியம் நன்றாகப் பிடித்திருக்கிறது. முதல் சோதனை பிளஸ் டூ ஆய்வகத்தின் நிறங்காட்டி, பி.எச். பாடம்; இரண்டாவது, புரத இழைகளைக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைக்கும் வேதியியல். இதைத் தினமும் செய்பவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தகப்பனாராகவே இருக்கலாம். அவர் செய்வது வேதிப் பொறியியல் என்று ஆசிரியர் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும்போது, அந்தத் துறை வீட்டுக்குள்ளேயே இருந்த துறையாகிவிடுகிறது. பயிற்சியின் முதல் பலனாக இதையே சொல்ல வேண்டும்.

ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலான இந்தப் பாலத்தை முன்பே கட்டியவர்கள் உண்டு. சென்னை அடையாறில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், விஞ்ஞானிகளைத் தொழிற்சாலைத் தரைக்கு அனுப்பியது. அதன் இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா பதனிடுவோரிடம் நேரடியாகப் பேசி அவர்கள் சிக்கலைக் கேட்டறிந்த விஞ்ஞானி. அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு இந்த நிறுவனத்தோடு சேர்ந்தே நடக்கிறது. ஆம்பூர் பிள்ளைகளுக்கு அப்படியொரு பி.டெக். இருப்பதை முதலில் சொல்ல வேண்டியவர் ஆம்பூர் ஆசிரியர்தான்.

ஆம்பூரில் காலை ஏழு மணிக்குச் சாலையோரம் நின்றால் ஊரின் கணக்கு புரியும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனி பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கும் வரிசைகளில் உட்காருபவர்களில் பெண்களே அதிகம். பத்தாம் வகுப்போடு நிற்கும் பெண்ணுக்கு இந்த வேலை உடனே கிடைக்கிறது. மாதச் சம்பளம் வீட்டை நிமிர்த்துகிறது. அதைக் குறைத்துப் பேசும் வழிகாட்டலை எந்தத் தாயும் காதில் வாங்கமாட்டாள், வாங்கவும் வேண்டியதில்லை. அதே கட்டடத்தில் கால் வடிவ அச்சுக்கட்டையைக் கணினியில் வரைபவர், தையல் இயந்திரத்தைப் பராமரிக்கும் டிப்ளமோக்காரர், பசையின் ஒட்டுத்திறனைச் சோதிக்கும் ஆய்வகப் பட்டதாரி ஆகியோரும் வேலை செய்கிறார்கள். அந்த நாற்காலிக்குப் போக எத்தனை ஆண்டு படிப்பு, என்ன செலவு, எந்த உதவித்தொகை என்று ஆசிரியர் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் தாயின் மனக்கணக்கு மாறும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் உருது பேசும் வீடுகள் ஏராளம். உருது வழிப் பள்ளிகளும் உண்டு. வழிகாட்டல் கையேடு தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் அந்த வீடுகளின் பாதிக் கதவு சாத்தியே இருக்கும்.

தோல் வட்டாரத்தில் எந்தத் தொழில்நுட்பத்தையும் வெறும் புகழ்ச்சியாகப் பேச முடியாது. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. உப்பும் சல்பைடும் குரோமியமும் கலந்து அது வெளியேறுகிறது. பல பத்தாண்டுகள் அது ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டதாகச் சொன்ன ஆய்வை அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டியது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 'இந்தத் தொழிற்சாலை வந்தால் வேலை வரும்' என்ற வாக்கியத்தின் முழு விலையையும் அறிந்த ஊர் இது. அணுமின்னைப் பற்றிப் பேசவரும் ஆசிரியரிடம் இங்கே பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி கழிவைப் பற்றியதாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

அதற்குத் தயாராகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் அரை நாள் செலவிடுவது நல்லது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாவற்றிலும் அவை உண்டு. சல்லடை, சமன்படுத்தும் தொட்டி, நுண்ணுயிர்களுக்குக் காற்றூட்டும் தொட்டி, தெளிய வைக்கும் தொட்டி தாண்டி, எதிர் சவ்வூடு பரவல் சவ்வுகளில் தண்ணீர் அழுத்தத்தோடு பிழியப்படுகிறது. பிழிந்த நீர் மீண்டும் டிரம்முக்குப் போகிறது. மிஞ்சும் உவர்க் கரைசல் ஆவியாக்கும் கலன்களில் வற்ற, கடைசியில் உப்பு நிற்கிறது. அந்த உப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. படிக்கும் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் வேலை அது என்று ஆசிரியர் தயங்காமல் சொல்லலாம்.

வேலூரில் அணுத்துறையின் இன்னொரு முகம் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அதன் அணு மருத்துவத் துறையிலும் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையிலும் நடப்பது பத்தாம் வகுப்புப் பாடத்தின் உயிருள்ள வடிவம். தைராய்டு நோய்க்குத் தரும் அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம்; அதனால்தான் மருந்தைத் தயாரித்த அன்றே செலுத்திவிடுகிறார்கள். மருத்துவ இயற்பியலர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், கதிர்ப்படத் தொழில்நுட்பர் என்ற பதவிகள் டாக்டர், நர்ஸ் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் மறைந்து கிடக்கின்றன. நீட் தேர்வில் இடம் கிடைக்காமல் மனம் உடைந்த இயற்பியல் மாணவருக்கு இந்தப் பட்டியலைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பெரிய துணை. காட்பாடியில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி வளர்ந்த வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் 'ஸ்டார்ஸ்' திட்டம், மாவட்ட வாரியாக அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெறும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி தருகிறது. பாகாயத்தில் அரசின் தந்தை பெரியார் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தை எண்ணிப் பயப்படும் வீடுகளுக்கு இவை இரண்டையும் ஆசிரியர் முதலில் சொல்ல வேண்டும்.

ராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை, அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் நிலைமின் வடிகட்டிகளைச் செய்கிறது. பற்றவைத்த இணைப்பு உள்ளே பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய உற்பத்தி ஆலைகளில் கதிர்வீசும் இரிடியம்-192 பயன்படுகிறது. அதன் அரை ஆயுட்காலம் 74 நாள். அணுத்துறை வேலை என்றால் உலைக்குள் நிற்பது மட்டும்தான் என்ற எண்ணம் இங்கே கலைகிறது.

அதே ராணிப்பேட்டை சிப்காட்டில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் திறந்தவெளியில் தேங்கியது. தோலில் சேர்க்கும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. இந்தக் கழிவிலிருப்பது நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம். மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சளாகக் கரைந்து நிலத்தடி நீருக்கு இறங்கும். கழிவு என்றால் என்ன, காலம் என்றால் என்ன என்பதைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அரை ஆயுட்காலத்தைக் கற்பிக்க நூறு புளியங்கொட்டை போதும். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வைக்க வேண்டும். நூறையும் குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்தவற்றை எடுத்துவிட வேண்டும். சுமார் ஐம்பது மிஞ்சும். மறுபடி குலுக்கினால் இருபத்தைந்து, பிறகு பன்னிரண்டு, ஆறு. எந்தக் கொட்டை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாதி போய்விடும் என்று சொல்ல முடியும். வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் கதிரியக்கச் சிதைவின் வளைகோடு பிள்ளைகளின் கையாலேயே பிறக்கும். கணக்கு அச்சாக வராமல் 53, 24 என்று பிசகுவதும் பாடமே. அடுத்து, தேய்க்காத நூறு கொட்டையைக் கொடுத்துக் குலுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் பழுப்பு. எத்தனை முறை குலுக்கினாலும் ஒன்றுகூடக் குறையாது. அதுதான் குரோமியம். அதற்கு அரை ஆயுட்காலம் கிடையாது. வேதிப் பொறியாளர் ஒருவர் வந்து அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கி, பாதுகாப்பாக அடைத்தால்தான் உண்டு. சீசியம்-137 30 ஆண்டில் பாதியாகும் என்று சொல்லும் ஆசிரியர், புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 ஆண்டு ஆகும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது பயிற்சியாகாது, விளம்பரமாகும்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் வந்து சேரலாம். உள்ளே போக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். கைப்பேசி, கேமரா வாசலோடு சரி. சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு 220 மெகாவாட் அலகுகள் 1984இலும் 1986இலும் வணிக மின்உற்பத்தியைத் தொடங்கியவை. பக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேகப் பெருக்கச் சோதனை உலை 1985 அக்டோபரில் உயிர்பெற்றது. தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியத்தால் குளிர்வது அது. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியருக்கு, அதே சோடியத்தை டன் கணக்கில் குழாய்களில் ஓடவிடும் பொறியாளர்களைப் பார்ப்பது தனி அனுபவம். 'காமினி' என்ற 30 கிலோவாட் சிற்றுலை தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233இல் ஓடுகிறது. நியூட்ரான்களால் படமெடுத்துக் கருவிகளின் உட்புறத்தைச் சோதிக்க உதவுகிறது. கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உறையவைக்கும் ஆலையும் இங்கே உண்டு.

தோல் வட்டாரத்து ஆசிரியருக்கு மிகவும் நெருக்கமானது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் திறன். அதில் 18 லட்சம் எதிர் சவ்வூடு பரவல், மீதி 45 லட்சம் அணுமின் நிலையத்து நீராவியால் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பார்த்த அதே சவ்வு, அதே ஆவியாக்கம். ஒன்றைப் பராமரிக்கக் கற்றவருக்கு மற்றொன்று அந்நியமல்ல.

இங்கும் அச்சத்தைப் பேசாமல் தாண்ட முடியாது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, கட்டத் தொடங்கியிருந்த முன்மாதிரி வேக உலையின் அடித்தளப் பள்ளத்தில் கடல்நீர் புகுந்தது. ஃபுகுஷிமா உலை விபத்துக்குப் பிறகு கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டமும் இந்தத் துறையின் வரலாறுதான். போராடியவர்களின் கேள்வியையும் உலைக்குள் உழைப்பவர்களின் பதிலையும் மாணவர் முன் வைக்கத் தெரிந்தவரே நல்ல வழிகாட்டி.

உள்ளே நுழையும் வழிகள் வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கத் தக்கவை. பொறியியல் பட்டதாரிகளும் அறிவியல் முதுகலைப் பட்டதாரிகளும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம்; 1957இல் தொடங்கிய அது ஓராண்டுப் பயிற்சியில் உதவித்தொகையும் தந்து விஞ்ஞானியாக வேலையும் தருகிறது. டிப்ளமோ, பி.எஸ்சி. படித்தவர்களுக்கு உதவித்தொகைப் பயிற்சியாளர் முதல் பிரிவு. பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியனுக்கு இரண்டாம் பிரிவு. ஆம்பூர்த் தாய்க்குச் சொல்லவேண்டியது இந்தக் கடைசி வரியைத்தான். 2047க்குள் 100 கிகாவாட் அணுமின் திறன் என்று ஒன்றிய அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் இலக்கு வைத்திருக்கிறது. அதில் எவ்வளவு நிறைவேறினாலும் வெல்டர்கள் வேண்டும்.

ஆசிரியரை உலைக்கே அழைத்துப் போவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அணுமின் கல்வி அமைப்பு, உலைகளுக்கு அருகிலுள்ள ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் மாணவிகளையும் இப்படித்தான் சேர்த்துக்கொண்டது. சர்வதேச அணுசக்தி முகமை, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் முன்னோடியாக மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அணு அறிவியல் பயிற்சி தந்து, பிறகு ஆசிய பசிபிக் நாடுகள் பலவற்றுக்கு அதை விரித்தது. பாலாற்றங்கரைக்குத் தேவை அவ்வளவு பெரிய ஏற்பாடு அல்ல. இரண்டு நாள், ஒரு பேருந்து, நாற்பது ஆசிரியர்கள்.

திரும்பும் வழியில் வாயலூர்ப் பாலத்தில் பேருந்தை நிறுத்தலாம். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். தடுப்பணைக்கு மேல்பக்கம் மழைக்குப் பின் நீர் நிற்கும். மணலுக்கடியில் ஊறும் பாலாற்று நீரைக் கிணறுகளில் எடுத்துத்தான் கல்பாக்கம் தன் நன்னீர்த் தேவைக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறது. வாணியம்பாடியில் டிரம் சுழலும் தண்ணீரும் அதே ஆற்றுப்படுகையைச் சேர்ந்ததுதான். இரு கரைகளையும் காட்டி இதைச் சொல்லிவிட்டு, ஆசிரியர்கள் அங்கேயே தத்தம் பள்ளிக்கான பாடக்குறிப்பை எழுதத் தொடங்கலாம்.